ஓமுலெவ் ஆற்றைக் கடந்த வழி

மலையே இல்லாத ஊரில் மலை சைக்கிள் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் மலைக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். எங்கள் சமவெளியிலிருக்கும் குர்ப்பியே காட்டு மணலில் ஒரு மணி நேரம் மிதித்துவிட்டு வந்து சிரிக்கச் சொல்லுங்கள், பார்க்கலாம். மலையில் ஏறினவனுக்கு இறக்கம் என்று ஒன்று உண்டு. பாதி வழி பூமியே ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். இங்கே அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. மணல், பைன் மர வேர், மறுபடி மணல், நடுவில் சதுப்பு, அதற்கப்புறம் ஆறு. நீ மிதித்தால் சக்கரம் சுற்றும், இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே புதையும்.

போக்னாவும் மலைக்காரிதான். தெற்கே பெஸ்கிட் மலையில் பிறந்து, நடக்கப் பழகிய கையோடு சைக்கிள் ஓட்டப் பழகியவள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் லெஷெக்கைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு இந்த லிபோவ்கா கிராமத்துக்கு வந்தாள். புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் மரம் அறுக்கும் ஆலையில் வேலை. அவன் மரம் ஏற்றுவான், அவள் ரம்பத்துக்குச் சாணை பிடிப்பாள். கல்யாண விருந்தில் அவளுடைய பெரியப்பா மகன் யென்ட்ரெக் கையில் கோப்பையோடு எழுந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி ஒன்று சொன்னான். "என் தங்கச்சி நல்லா ஓட்டினா. இனிமே ஓட்ட மாட்டா. தட்டை நாடு அவளை ரெண்டே வருஷத்துல முடிச்சிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். போக்னாவும் சிரித்தாள். ஆனால் அந்த வார்த்தை மீன்முள் மாதிரி தொண்டையிலேயே நின்றுவிட்டது. சின்ன வயதில் அவளைச் சைக்கிளில் ஏற்றி, பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, ஓட்டப் பழக்கிவிட்டவன் அவன். வேறு எவன் சொல்லியிருந்தாலும் போடா என்று விட்டிருப்பாள்.

அந்த யென்ட்ரெக் இப்போது லிபோவ்காவுக்கே வந்து இறங்கியிருந்தான்.

செப்டம்பர் கடைசியில் அந்த ஊரில் வரைபடப் பந்தயம் நடக்கும். புறப்படும்போது ஆளுக்கொரு வரைபடம் தருவார்கள். அதில் காட்டுக்குள் பத்துப் புள்ளி. வரிசையாகப் போய், ஒவ்வொரு புள்ளியிலும் மரத்தில் தொங்கும் துளைப்பானால் அட்டையில் ஓட்டை போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆள் நேரத்தைக் குறித்துக்கொள்வார். இரண்டு புள்ளிக்கு நடுவில் எந்த வழியாகப் போவது என்பது அவரவர் சாமர்த்தியம். சைக்கிளும் காலும்தான் வாகனம். போனையெல்லாம் உறையில் போட்டு ஒட்டிவிடுவார்கள். இரண்டிரண்டு பேராக அணி. இருவரும் சேர்ந்தே போக வேண்டும், சேர்ந்தே வர வேண்டும். முடித்து வருகிறவர்களுக்குத் திடலில் சூடாகப் பட்டாணி சூப். போக்னாவின் ஜோடி அவளுடைய நாத்தனார் யோல்கா, லெஷெக்கின் தங்கை. ஊருக்குத் தபால் கொடுக்கிறவள். வருஷம் பூரா மணல் ரோட்டில் பை நிறையத் தபாலோடு மிதிக்கிற காலுக்குப் பந்தயமெல்லாம் லீவு நாள் மாதிரி.

"என்னடி போக்னா, உங்க ஊர்ல மலை எங்கே? எவனாவது திருடிட்டுப் போயிட்டானா?" என்று கேட்டுக்கொண்டே யென்ட்ரெக் காரிலிருந்து சைக்கிளை இறக்கினான். கூட வந்திருந்த அவன் ஜோடி ஹூபர்ட் வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"வித்துட்டோம்ணே. வித்த காசுக்கு மணல் வாங்கினோம். சாயங்காலம் உன் பல்லிடுக்குல இருக்கும், துப்பிப் பார்த்துக்கோ."

"வாய் மட்டும் தட்டையாகலை. சந்தோஷம்."

யோல்கா அவன் டயரை ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, அண்ணியின் காதுக்குப் பக்கத்தில் வந்தாள். "அண்ணி, காத்து கல்லு மாதிரி இருக்கு. மணல்ல கத்தி மாதிரி இறங்கப் போகுது."

"சொல்லிடாதே."

"நான் எதுக்குச் சொல்றேன்? அவர் என்ன எனக்கு மாமனா மச்சானா?"

போக்னா ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டாள். "யோல்கா, கோப்பை, மாலை எதுவும் எனக்கு வேணாம். இன்னைக்கு இவன் எனக்குப் பின்னால வரணும். என் ஊர்ல, என் மணல்ல. அது போதும்."

"வருவாரு. வராம எங்கே போவாரு?" என்றாள் யோல்கா.

விசில் ஊதியதும் ஜனம் திமுதிமுவென்று காட்டுக்குள் பாய்ந்தது. முதல் மணல் திட்டிலேயே பாதிப் பேர் இறங்கித் தள்ளினார்கள். போக்னா பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, கைப்பிடியைத் தளர விட்டு, நிறுத்தாமல் மிதித்தாள். மணலில் சைக்கிளை அடக்கப் பார்க்கக் கூடாது. அது போகிற போக்குக்கு விட்டுவிட்டு, காலை மட்டும் நிறுத்தாமல் இருக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள அவளுக்கு முழுசாக ஒரு வருஷம் ஆயிற்று. அந்த வருஷத்தில் அவள் விழாத குழி இல்லை, சிரிக்காத ஊர்க்காரன் இல்லை.

யென்ட்ரெக்கும் ஹூபர்ட்டும் மூன்று புள்ளி வரைக்கும் தடவித் தடவித்தான் வந்தார்கள். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, யென்ட்ரெக் சூரன். நாலாவது புள்ளியில் இறங்கி, டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டான். அதற்கப்புறம் அவன் காலுக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. ஏழாவது புள்ளிக்குப் போகும் நேரான காட்டுப் பாதையில் பெண்கள் இருவரையும் தாண்டிப் போனான். போகிற போக்கில் தலையைத் திருப்பி, "வரேன்டி! சூப்பு ஆறிடாம மூடி வைக்கறேன்!" என்று கத்தினான்.

போக்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிதித்தாள், இன்னும் மிதித்தாள். எட்டாவது புள்ளிக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது, மலைக்கார ஜோடியின் முதுகு பாலத்து ரோட்டு வளைவில் மறைந்துகொண்டிருந்தது.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஓமுலெவ் ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் பரந்து கிடக்கும் சதுப்பு; ஆள் போனால் இடுப்புவரை இழுக்கும். ஒன்பதாவது புள்ளி நேர் எதிர்க்கரையில் இருக்கிறது, ஆனால் பாலம் எங்கேயோ மேற்கே. போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். வரைபடத்தில் வேறு வழி இல்லை. நல்ல தார் ரோட்டில் யென்ட்ரெக்கைப் பிடிப்பது நடக்காத காரியம் என்று போக்னாவுக்குத் தெரியும். தெரிந்தும் அட்டையில் ஓட்டை போட்டுவிட்டு மிதிக்கக் காலைத் தூக்கினாள்.

யோல்கா மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி நிக்கறே? வா!"

"வரேன், வரேன்." பாலத்து ரோட்டில் வளைவு தாண்டும்வரை பேசாமல் வந்தவள் திடீரென்று பிரேக்கைப் பிடித்தாள். "அண்ணி, ஒண்ணு சொன்னா அம்மாகிட்டச் சொல்ல மாட்டீங்களே?"

"நேரங்காலம் இல்லையாடி உனக்கு?"

"பாலத்துக்குப் போகாம ஆத்தைத் தாண்ட ஒரு வழி இருக்கு. எங்க காளான் இடத்துக்குள்ள பூந்து போகணும்."

போக்னா சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டாள்.

அந்த ஊரில் ஒருத்தனிடம் கிட்னியைக் கேட்டால்கூட ஒரு ராத்திரி யோசித்துவிட்டுச் சரி என்பான். காளான் எங்கே பறிக்கிறாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. அப்பன் மகனுக்குச் சொல்லுவான், அதுவும் சாகிற நேரத்தில். வீட்டுக்கு வந்த மருமகளுக்கா? வாயைத் திறக்க மாட்டார்கள். ஒன்பது வருஷமாகப் போக்னா எழுந்து வரும்போது சமையலறை மேஜையில் காளான் குவியலாகக் கிடக்கும். அவள் சுத்தம் பண்ணுவாள், நூலில் கோத்துக் காயப் போடுவாள், வினிகரில் ஊறப் போடுவாள். எங்கிருந்து வந்தது என்று முதல் வருஷம் கேட்டாள். "மாதா மேல ஆணை வெச்சிருக்கேன், என்னைக் கேட்காதே" என்று லெஷெக் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். அன்றைக்கு அவள் குளியலறையில் போய் அழுதாள். அதற்கப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். ஆனால் வலி விடவில்லை.

"ஏன்டி இப்போ சொல்றே?" என்று கேட்டாள்.

"சூப்பை மூடி வைக்கறேன்னு சொன்னாரு பாருங்க, அந்த மூஞ்சிக்காகத்தான். என் அண்ணியை நான் கிண்டல் பண்ணுவேன். ஊரான் பண்ணக் கூடாது." யோல்கா சைக்கிளைத் தோளில் தூக்கினாள். "வாங்க, எனக்கு மனசு மாறறதுக்குள்ள. உருட்டாதீங்க! தடம் விழுந்துச்சுன்னா விடிஞ்சா ஊரே இங்கே நிக்கும். அந்த மரத்து மேல கால் வெச்சு ஏறுங்க."

ரோட்டோரம் விழுந்து கிடந்த மரத்தின் மேல் நடந்து, பைன் ஊசி மெத்தையில் இறங்கி, சைக்கிளைச் சுமந்துகொண்டே ஊதாப் பூப் புதர்களுக்கு நடுவில் போனார்கள். கொஞ்ச தூரத்தில் சதுப்புக்கு நடுவே நீளமாக ஒரு மணல் மேடு கிளம்பியது, வரப்பு மாதிரி. இரண்டு பக்கமும் கறுப்புத் தண்ணீர். அதன் மேல் ஏறியதும், "இனிமே ஓட்டலாம்" என்றாள் யோல்கா. ஓட்டினார்கள். போக்னாவின் கண் நாத்தனாரின் பின்சக்கரத்தை விட்டு அசையவில்லை.

அந்தப் பின்சக்கரம் திடீரென்று நின்றது. போக்னா போய் மோதினாள்.

"மாதாவே!" என்று முனகினாள் யோல்கா.

பாசிக்குள்ளிருந்து போரோவிக் காளான்கள். ஒன்றா இரண்டா! தடித்த வெள்ளைக் கால், சுட்ட ரொட்டி நிறத்தில் தலை, புழு படாத முதல் தரம். மேட்டுச் சரிவு முழுக்கக் குடும்பம் குடும்பமாக நின்றன.

"யோல்கா, பந்தயம்டி!"

"தெரியும்."

"அவன் பாலத்தைத் தாண்டியிருப்பான்!"

"தெரியும் அண்ணி. கண்ணால பார்த்துட்டு எப்படி விட்டுட்டுப் போறது? நாளைக்கு முத்திடும்." பேசும்போதே மண்டி போட்டாயிற்று. முதுகுப் பையிலிருந்த வாழைப்பழம், ரொட்டி, கைப்பம்பு எல்லாவற்றையும் எடுத்துப் போக்னாவிடம் திணித்துவிட்டு, காளானைத் திருகித் திருகி எடுத்து அடுக்கினாள். எடுத்த குழியைப் பாசியால் மூடினாள். திட்டினால் வேலை மெதுவாகும் என்று போக்னாவுக்குப் புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவளும் மண்டி போட்டாள். பந்தயத்துக்கு நடுவில் காளான் பொறுக்கிய மலைக்காரி உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மேட்டின் முடிவில் ஆறு. எல்லாரும் ஆழம் என்று நினைக்கிற அந்த வளைவில், தண்ணீருக்கடியில் கெட்டி மணல் குறுக்கே ஓடியது. தொடை ஆழம், குளிர் எலும்பில் ஏறியது. சைக்கிளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தாண்டினார்கள்.

ஒன்பதாவது புள்ளியில் உட்கார்ந்திருந்தவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்து, "அதுக்குள்ளயா?" என்றார். அங்கே அதுவரை யாருமே வரவில்லை. பத்தாவது புள்ளி, கடைசி மணல் ரோடு, கிராமத்துத் திடல். நனைந்த உடம்போடு இருவரும் முதலாவதாகக் கோட்டைத் தாண்டியபோது, பட்டாணி சூப் அண்டாவின் மூடியைக்கூட இன்னும் திறக்கவில்லை.

யென்ட்ரெக் வந்து சேர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. போக்னாவைப் பார்த்தான், நேரக்கணக்கைப் பார்த்தான், நேராகப் பந்தயத் தலைவர் செவெரின் சாரின் மேஜைக்குப் போனான். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர் அவர்.

"சார், இது நடக்காத காரியம். எட்டுல எனக்குப் பின்னால இருந்தாங்க. ஒன்பதுல எனக்கு ரொம்ப முன்னால இருக்காங்க. பாலத்து ரோட்டுல எந்தச் சைக்கிளும் என்னைத் தாண்டலை. பறந்தாங்களா?"

"ஆத்தைத் தாண்டினோம்," என்றாள் போக்னா.

"அந்தச் சதுப்புலயா? சைக்கிளோடயா? போக்னா, எங்கிட்டயே பூச்சுத்தாதே. உன் புருஷன் ஜீப்போட எங்கே நின்னான், அதைச் சொல்லு."

ஜீப் என்றதும் லெஷெக் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு எழுந்தான். நாலு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். போக்னாவுக்குக் காது சூடாகியது. தோற்றவன் என்றால் பொறாமை என்று விட்டுவிடலாம். இவன் அவளைத் திருடி என்கிறான், அவள் ஊர் முன்னாலேயே.

செவெரின் சார் மேஜை மேல் பெரிய வரைபடத்தை விரித்தார். பேனாவை நீட்டினார். "சண்டை எதுக்கும்மா? எந்த வழியா வந்தேன்னு ஒரு கோடு போட்டுக் காட்டிடு. ஒரு ஆளை அனுப்பிப் பார்த்துடறேன். முடிஞ்சது."

நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த நொடியில் திடலில் ஒரு அதிசயம் நடந்தது. சூப் வரிசையில் நின்றவர்கள், பெஞ்சில் படுத்திருந்தவர்கள், குழந்தைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள், லிபோவ்கா ஜனம் மொத்தமும் சத்தமில்லாமல் மேஜையைச் சுற்றி வந்துவிட்டது. ஒருத்தர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். யோல்காவுக்கு மட்டும் தெரிந்த வழி என்றால் அது காளான் இடம்தான் என்று எல்லாருக்கும் உடனே புரிந்துவிட்டது. லெஷெக்கின் வீட்டார் எங்கே பறிக்கிறார்கள் என்று மூன்று தலைமுறையாகத் தெரிந்துகொள்ளத் துடித்த ஊர் அது. செவெரின் சாருடைய கழுத்தே ஒரு முழம் நீண்டிருந்தது.

யோல்கா கூட்டத்துக்கு அப்பால், ஈரச் சட்டை மேல் கோட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போடு என்றும் சொல்லவில்லை.

ஒரே ஒரு கோடு. அந்தக் கோட்டைப் போட்டால் ஒன்பது வருஷத்து முள் வெளியே வந்துவிடும். போக்னா பேனாவை வாங்கினாள். வரைபடத்தைப் பார்த்தாள். யென்ட்ரெக்கைப் பார்த்தாள். பிறகு பேனாவை மூடி மேஜையில் வைத்தாள்.

"போட மாட்டேன் சார்."

கூட்டம் முழுக்க ஏமாந்து பெருமூச்சு விட்டது.

"போடலைன்னா உன் நேரத்தை ரத்து பண்ணணும்மா. எனக்கு வேற வழியில்லை," என்றார் செவெரின் சார். "எங்கிட்ட மட்டும் தனியாக் காட்டறியா?"

"உங்ககிட்டதான் சார் காட்டவே கூடாது!" என்று யோல்கா அங்கிருந்தே கத்தினாள். ஊர் சிரித்தது. செவெரின் சார் காது சிவந்தது.

சிரிப்பு அடங்கும்வரை போக்னா காத்திருந்தாள். அவளுக்கு இப்போது பதற்றமே இல்லை. மலையில் செங்குத்தான இறக்கத்தின் விளிம்பில் நிற்கும்போது வருமே, ஒரு தெளிவு, அது வந்திருந்தது. "கோடுதான் போட மாட்டேன்னேன். ஓட்ட மாட்டேன்னு சொல்லலையே. எட்டாவது புள்ளியில நீ நில்லுண்ணே. ஒன்பதுல செவெரின் சார் நிக்கட்டும். மறுபடியும் போறேன். அதே நேரத்துல வந்து சேர்ந்தா ஒத்துக்கிறியா?"

"இப்பவா? இந்தக் காலோடயா?"

"கால் எனக்குத்தானே வலிக்கும்?"

யென்ட்ரெக் தாடையைத் தடவினான். "சரி. ஆனா நீ மட்டும். இந்தத் தபால்காரம்மா வேணாம், அவளுக்குப் புதருக்குப் புதர் மாமன் மச்சான் இருப்பான். உன் புருஷன் இங்கேயே, ஹூபர்ட் பக்கத்துல உட்காரணும். வழி உனக்குத் தெரியும்னா தனியாப் போ."

வழி போக்னாவுக்கு எங்கே தெரியும்? நாத்தனாரின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு தடவை வந்தவள். யோல்காவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றால் இத்தனை காது.

"என்ன, யோசிக்கறே?" என்றான் யென்ட்ரெக்.

"அண்ணிக்குத் தெரியும்," என்றாள் யோல்கா. சத்தமாக, உறுதியாக, ஊருக்கே கேட்கிற மாதிரி. "அவங்களுக்குத் தெரியாம என்ன?"

அந்த ஒரு வார்த்தை போக்னாவுக்குப் போதுமாக இருந்தது.

எட்டாவது புள்ளிக்கு அவளைக் காரில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு பெரிசுகள் கையில் கூடையோடு, "சும்மா காத்து வாங்க வந்தோம்" என்று நின்றார்கள். யென்ட்ரெக்கே அவர்களைக் காருக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தினான். அநியாயம் சொல்லக் கூடாது, அந்த விஷயத்தில் அவன் யோக்கியன். ஒன்பதிலிருந்து செவெரின் சார் போனில் தயார் என்றதும், "போ" என்றான்.

பாலத்து ரோட்டில் பறந்தாள். வளைவு தாண்டியதும் சைக்கிளைத் தூக்கி, மரத்தின் மேல் ஏறி, ஊசி மெத்தையில் இறங்கினாள். தொடை இரண்டும் நெருப்பாக எரிந்தன. ஊதாப் பூப் புதரெல்லாம் தாண்டி மணல் மேட்டில் ஏறி, ஓட்ட ஆரம்பித்தாள். கொஞ்ச தூரம் போனதும் மேடு இரண்டாகப் பிரிந்தது.

காலையில் இது பிரிந்ததா? அவளுக்கு நினைவே இல்லை. இரண்டும் ஒரே உயரம், ஒரே மாதிரி பைன் மரம். தப்பான பக்கம் போனால் சதுப்பு, அங்கிருந்து திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஊர் முன்னால் திருடி என்கிற பேர் நிலைத்துவிடும்.

மலையில் வழி தெரியாவிட்டால் நிமிர்ந்து சிகரத்தைப் பார்ப்பாள். இங்கே நிமிர்ந்தால் வானம்தான் இருக்கிறது. அவள் குனிந்தாள். ஒன்பது வருஷம் இந்தத் தரையில் விழுந்து எழுந்தவளுக்குத் தரை பேசும். இடப்பக்கத்து மேட்டில் பாசி கரும்பச்சையாக, பஞ்சு மாதிரி ஊறியிருந்தது. அது இன்னும் கொஞ்ச தூரத்தில் தண்ணீருக்குள் போய்விடும். வலப்பக்கத்தில் பாசி சாம்பல் நிறமாக, காலை வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அடியில் மணல் காய்ந்து கிடக்கிறது, அதனால் மேடு இறங்காது. "இதுதான்," என்று வாய்விட்டே சொன்னாள். அதற்கப்புறம் சந்தேகமே வரவில்லை. சாம்பல் பாசி எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் சக்கரம் போனது. கறுப்புத் தண்ணீருக்கு நடுவில், தனியாக, அந்தக் காடே தனக்கு வழிவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல் வந்தது. யாராவது கேட்டுத் தொலைத்தால் என்ன ஆவது என்று அடக்கிக்கொண்டாள்.

ஆற்று வளைவில் தண்ணீர் மின்னியது. இறங்கினாள், தாண்டினாள், ஏறினாள், மிதித்தாள்.

செவெரின் சார் கடிகாரத்தைப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மறுபடி பார்த்தார். "காலையில எடுத்ததுல பாதிகூட ஆகலையேம்மா! அப்போ ஏன் அவ்வளவு நேரம்?"

போக்னா மூச்சு வாங்கிக்கொண்டே நிமிர்ந்தாள். காளான் என்கிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது. "யோல்காவுக்கு வயிறு சரியில்லை சார்," என்றாள். "புதர் பக்கம் கொஞ்ச நேரம் ஒதுங்க வேண்டியதாப்போச்சு."

"ஐயோ பாவம்," என்றார் செவெரின் சார்.

திடலுக்குத் திரும்பியதும் அவர் மேஜை மேலேயே ஏறி நின்று பேரைச் சொன்னார். ஊர் கைதட்டியது. ஒரு கிழவர் யோல்காவிடம் போய், வயிற்றுக்கு ஓமக் கஷாயம் போல ஏதோ ஒரு மூலிகைத் தண்ணீரைச் சிபாரிசு பண்ணினார். அவள் புரியாமல் விழித்தாள். லெஷெக் பெண்டாட்டியை அப்படியே தூக்கிச் சுற்றினான். ஈரத் துணியும் சேறுமாக அவன் சட்டையெல்லாம் நாசம்.

யென்ட்ரெக் கூட்டம் விலகும்வரை காத்திருந்துவிட்டு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"உன்னைத் திருடின்னு சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது." ஹெல்மெட் வாரை விரலில் சுருட்டினான். "கல்யாணத்தன்னைக்குச் சொன்னதும் தப்புதான். நீ அங்கே ஓட்டினதைவிட இங்கே நல்லா ஓட்டறேடி. என் கண்ணாலயே பார்த்தேன்."

போக்னாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. "இதைக் கேட்கத்தாண்ணே மிதிச்சேன்," என்றாள்.

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சரி, இப்போ சொல்லு. எனக்கு மட்டும். எந்த வழி? நான் நாளைக்கு ஊருக்குப் போயிடுவேன், யார்கிட்டப் போய்ச் சொல்லப்போறேன்? எங்கிட்டக்கூடவா மறைப்பே?"

சொல்லிவிடலாம்தான். ரத்த சொந்தம், நல்லவன், நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவன். சொன்னால் ஒரு காளானும் குறைந்துவிடாது. போக்னா வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பாலத்து வழியாத்தாண்ணே வந்தேன்."

யென்ட்ரெக் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். கண் இமைக்காமல், கோயிலில் நிற்கிற மாதிரி நின்றாள் அவள்.

பின்னாலிருந்து யோல்கா வந்து அண்ணியின் தோளோடு தோள் ஒட்டி நின்றாள். "ஆமா, பாலத்து வழிதான். நான்தான் கூடவே வந்தேனே," என்றாள்.

"அடப்பாவிகளா!" என்று யென்ட்ரெக் விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டு பெண்களும் சிரிக்கவே இல்லை. கையைக் கோத்துக்கொண்டு சூப் வரிசையில் போய் நின்றார்கள்.